கம்பியில்லாக் கருவிகளும் வீட்டுக் கணினியும்

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையிலே கல்வியாலும் வயதாலும் மூத்தோர் பேச, கீழே பாயில் இருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே நமது செயலாளர் அவர்கள் சென்ற வாரம் என்னைத் தெருவில் மறித்து, "தம்பி, கொம்பியூட்டரிலே புளூடூத் பிடிக்காவிட்டால் என்ன செய்யவேணும் எண்டு ஒருக்கால் வந்து சொல்லுமன்" என்று கேட்டபோது எனக்கு நாணமே மேலிட்டது. இதுவும் ஒரு சொற்பொழிவுக்குரிய பொருளா என்று தயங்கினேன். அவர் விடவில்லை. தமது வீட்டிலும், தமது மைத்துனர் வீட்டிலும், மன்ற அங்கத்தவர் இருவர் வீட்டிலும் இதே தொல்லை என்றார். அவர்களுள் ஒருவர் நல்ல கருவியொன்றைப் பழுதென்று எண்ணிக் குப்பையில் எறிந்துவிட்டாராம். அதன் பின்பு மறுக்க மனம் வரவில்லை.

நான் வவுனியாப் பல்கலைக்கழகத்திலே பௌதிக விஞ்ஞானம் பயில்பவன். ஆயினும் இந்தப் பொருளிற் பேச எனக்குள்ள தகுதி படிப்பினால் வந்ததன்று, நட்டத்தினால் வந்தது. அந்த நட்டத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

மன்னாரிலே பிறந்தவர்களுக்குக் கம்பியில்லா அலைகளை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. தலைமன்னார்க் கரையில் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்தால், சில வேளைகளில் அக்கரைக் கொம்பனியின் பெயர் அதிலே தெரியும். இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டார் விரும்பிக் கேட்ட காலமும், திருச்சி வானொலியை நம்மவர் விரும்பிக் கேட்ட காலமும் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலே 30 கிலோமீற்றர் அளவான கடல். 1964ஆம் ஆண்டுப் புயலோடு தனுஷ்கோடிக் கப்பல் நின்றது. இராமேசுவரத்துக் கப்பலும் 1984இல் நின்றது. அலைகள் மாத்திரம் ஒரு நாளும் நின்றதில்லை. அவற்றிடம் கடவுச்சீட்டுக் கேட்பார் யார்?

முப்பது கிலோமீற்றர் கடலைத் தாண்டி அலை வருகிறதென்றால், மேசையிலுள்ள கணினியிலிருந்து கதிரையில் இருக்கும் பிள்ளையின் காதுக்கு மூன்றடி தாண்ட மாட்டாமல் நிற்பது ஏன்? இதுதான் இன்றைய கேள்வி.

முதற் காரணம் வலு. அக்கரைக் கோபுரத்தின் அலை பெருவலுவோடு புறப்படுவது. நமது ஹெட்செற், மவுஸ் முதலியவற்றிலுள்ள புளூடூத்தோ பெரும்பாலும் 2.5 மில்லிவாற்று அளவிலே பேசுகிறது. விறாந்தையில் எரியும் 9 வாற்று எல்.இ.டி. விளக்கின் வலுவில் 3,600இல் ஒரு பங்கு அது. பத்து மீற்றர் போவதற்கென்றே அமைந்த மெல்லிய குரல். சிறிய பற்றரி நெடுநேரம் நிற்கவேண்டுமென்றால் மெல்லப் பேசத்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம் நெரிசல். 2,400 மெகாஹேட்சிலிருந்து 2,483.5 மெகாஹேட்ஸ் வரையுள்ள ஒரு சிறு பகுதியிலேதான் இவையெல்லாம் பேசுகின்றன. 1947ஆம் ஆண்டு அற்லாண்டிக் நகரிற் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாட்டிலே, தொழில், விஞ்ஞானம், மருத்துவம் ஆகியவற்றிற் பயன்படும் இயந்திரங்களுக்கென இந்தப் பகுதியை ஒதுக்கினார்கள். உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு 2,450 மெகாஹேட்சில் வேலை செய்வது அதனாலேதான். பின்னர் 1985இல் அமெரிக்க அரசு, அனுமதிப்பத்திரம் இல்லாமலே இங்கே செய்திகளையும் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கட்டணமில்லாத சந்தையில் எல்லாரும் கடை விரிப்பார்கள் அல்லவா? வைபை வந்தது, புளூடூத் வந்தது, வயரில்லா மவுஸ் வந்தது. பஸ் நிலையத்திலே பத்து நடத்துனர்கள் ஒரே நேரத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவினால் எப்படியிருக்கும்! கடலுக்குப் போகும் நம் சகோதரர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். ஒரே அலைவரிசையில் இரண்டு படகுகள் ஒரே வேளையிற் பேசினால் கரையில் இருப்பவருக்கு இரண்டுமே விளங்காது.

இந்த நெரிசலுக்குள் பிழைக்கப் புளூடூத் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. அது ஓரிடத்தில் நின்று பேசுவதில்லை. அந்தச் சிறு பகுதியை 79 பாத்திகளாகப் பிரித்து, ஒரு செக்கனில் 1,600 முறை பாத்தி விட்டுப் பாத்தி தாவித் தாவிப் பேசுகிறது. பேசுபவரும் கேட்பவரும் தாவும் ஒழுங்கை முன்கூட்டியே அறிந்திருப்பதால் ஒருவரையொருவர் தவறவிடுவதில்லை. 2003ஆம் ஆண்டு வந்த பதிப்பிலிருந்து, இரைச்சல் உள்ள பாத்திகளைக் கண்டு விலக்கவும் கற்றுக்கொண்டது. தாவிப் பேசும் யோசனை மிகப் பழையது. ஹொலிவூட் நடிகை ஹெடி லமாரும் இசைக்கலைஞர் ஜோர்ஜ் அந்தைலும் 1942இலேயே இத்தகைய ஒரு முறைக்கு உரிமப் பத்திரம் பெற்றிருந்தார்கள். பியானோவின் கட்டைகள் 88 என்பதால் அவர்களும் 88 பாத்திகள் வைத்தார்கள். நடிகையென்றால் அழகு ஒன்றே என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலப்பல் என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவன் என்று அவனைச் சொல்லுவார்கள். வெவ்வேறு கொம்பனிக் கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறைக்கு அந்தப் பெயரை 1990களிலே வைத்தார்கள். இராச்சியத்தைச் சேர்த்தவன் பெயரைக் கொண்ட கருவி, சில நாட்களில் ஒரு மவுசைக் கூடச் சேர்க்க மாட்டேன் என்கிறது!

இனி என் நட்டத்துக்கு வருகிறேன்.

என் தங்கை உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். இரசாயனவியலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர் இணைய வழியாக வகுப்பு நடத்துவார். எங்கள் வீட்டில் ஒரே விறாந்தை. ஒரு மூலையிற் கணினி, மறு மூலையில் அம்மம்மாவும் அவருடைய றேடியோவும். ஆகையால் பிள்ளைக்கு வயரில்லா ஹெட்செற் ஒன்று வாங்கினோம். கணினியிற் புளூடூத் இல்லாதபடியால், நகத்தளவான டொங்கிள் ஒன்றையும் வாங்கி முன்பக்கத் துளையிற் செருகினோம். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

அந்த விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது, மகாபொலப் பணத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வன்தட்டு ஒன்றைத் தங்கைக்குப் பரிசாகக் கொண்டு வந்தேன். கறுப்புப் பெட்டி போன்றது, வெளியிலிருந்து இணைப்பது. வகுப்பு நடக்கும்போதே பாடம் அதிற் பதிவாகும்படி ஒழுங்கு செய்து கொடுத்தேன். பரீட்சைக்கு முன்பு திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பது எண்ணம். டொங்கிளுக்குப் பக்கத்துத் துளையிலே அதைச் செருகிவிட்டு, நல்ல அண்ணன் என்ற பெருமையோடு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரமே தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, சேர் படிப்பிக்கிறது விட்டு விட்டுக் கேக்குது. அரைவாசிச் சமன்பாடு காதிலேயே விழேல்லை" என்றாள். வேறு ஹெட்செற் இரவல் வாங்கிப் பார்த்தாள், அதுவும் அப்படியே. கணினியைக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அம்மா அதை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார். கடைக்காரர் அரைமணி நேரம் பாட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு தடங்கலும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை கொண்டுபோனபோது அவர், "அக்கா, இப்பிடி ஒருக்கால் வேலை செய்து ஒருக்கால் செய்யாட்டி மதர்போட்டிலதான் பிழை. இதுக்குக் காசு செலவழிக்கிறதிலும் பார்க்க வேற ஒண்டு எடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அம்மா தமது சோடிக் காப்பை அடைவு வைத்தார். புதுப்பிக்கப்பட்ட கணினி ஒன்று வாங்கினோம். அதை ஒழுங்கு செய்வதற்கென்றே நான் சனிக்கிழமை வந்திறங்கினேன். எல்லாவற்றையும் என் கையாலேயே இணைத்தேன். முன்பக்கத்திலே இரண்டு துளைகள். ஒன்றில் டொங்கிள், மற்றதில் வன்தட்டு.

அன்று மாலை வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை. தங்கை "ஐயோ!" என்றாள்.

நான் வாயடைத்து நின்றேன். அப்பொழுது மறுமூலையிலிருந்து அம்மம்மா பேசினார். "தம்பி, பிள்ளை ஐயோ எண்டு சொல்லுற நேரமெல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டி மினுங்குது. நான் முந்தியும் பாத்தனான். உது எங்கட றேடியோவுக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் செய்த வேலை மாதிரிக் கிடக்கு."

வன்தட்டைக் கழற்றினேன். சத்தம் தெளிந்தது. மறுபடி செருகினேன்; விட்டு விட்டு வந்தது. கழற்றினேன், தெளிந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அம்மம்மா சொன்னதே சரி. கணினிக்கு ஒரு குறையும் இல்லை, பழைய கணினிக்கும் இருந்ததில்லை. நான் கொண்டுவந்த பரிசுதான் குற்றவாளி.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பின்பு தேடிப் படித்தேன். உள்ளே நீல நிறம் கொண்ட யூ.எஸ்.பி. துளைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை 2008இல் வகுக்கப்பட்ட மூன்றாம் பதிப்பைச் சேர்ந்தவை. ஒரு செக்கனில் 500 கோடி துணுக்குகளைக் கடத்தும் வேகம் உடையவை. அந்த வேகத்தில் ஓடும்போது துளையிலிருந்தும் வயரிலிருந்தும் கருவியிலிருந்தும் ஒரு வகை வானொலி இரைச்சல் கசிகிறது. அது பரந்து, சரியாக அந்த 2,400 மெகாஹேட்ஸ் பகுதியையும் மூடிக்கொள்கிறது. இன்டெல் கொம்பனியே 2012ஆம் ஆண்டு இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இரைச்சல் ஓரிரு பாத்திகளில் மாத்திரம் இருந்தால் புளூடூத் தாவித் தப்பிவிடும். எல்லாப் பாத்திகளிலும் வெள்ளம் என்றால் எங்கே தாவுவது? அதிலும் வாங்கி ஒரு விரற்கடை தூரத்திலே, இரைச்சலின் மடியிலேயே இருக்கும்போது.

பரிகாரம் என்ன? ஒரு மீற்றர் நீளமான யூ.எஸ்.பி. நீட்டுவயர். டொங்கிளை அதன் நுனியிற் செருகி, வன்தட்டிலிருந்து எட்டத்திலே மேசைமேல் வைத்தோம். அவ்வளவுதான். வன்தட்டும் ஓடுகிறது, ஹெட்செற்றும் பேசுகிறது. அந்த வயரின் விலையைக் காப்பின் பக்கத்தில் வைத்துச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காப்பில்லாத கையாலே தேநீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் அந்த வன்தட்டு இருக்கவில்லை. என் முன்னால் இருந்தது. கடையில் நன்றாயிருந்து வீட்டிற் கெடுகிறதென்றால், கடைக்குப் போகாமல் வீட்டிலே நின்றுவிட்ட பொருள்தான் காரணம் என்று ஒரு சிறு பிள்ளையும் சொல்லும். நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கே எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த துறவி ஒருவர் பரிசோதனை அறையிலே ஓயாமற் சொல்லுவார்: "ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை." நானோ ஒரே அடியாகக் கணினி முழுவதையும் மாற்றினேன். மாற்றவேண்டிய ஒன்றை மாத்திரம் தொடவில்லை.

ஆகவே இனிமேல் உங்கள் வீட்டில் இணைப்பு அறுந்தால், பழுது மூன்றிடத்தில் ஒன்றிலேதான் இருக்கமுடியும் என்பதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். கருவியிலா, கணினியிலா, இரண்டுக்கும் நடுவிலுள்ள வெளியிலா? இதைப் பிரித்தறியக் காசு தேவையில்லை. ஹெட்செற்றை ஒரு கைத்தொலைபேசியோடு சேர்த்துப் பாருங்கள். நன்றாய்ப் பாடினால் கருவி குற்றமற்றது. அதே கைத்தொலைபேசியைக் கணினியோடு சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் கணினியும் பெரும்பாலும் குற்றமற்றது. இரண்டும் நல்லவர்கள், ஆனால் சேர்ந்து வாழ மாட்டார்கள் என்றால், ஒன்றில் அவர்களுடைய சோடிப் பொருத்தத்தைப் பார்க்கவேண்டும், அல்லது அக்கம்பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

கருவியென்றால் முதலிற் பற்றரி. சிரிக்காதீர்கள், பாதித் தொல்லை இதுதான். மவுசின் அடியிலுள்ள சிறு ஆளி அணைந்திருப்பதைக் காணாமல் ஒரு மணி நேரம் கணினியோடு மல்லுக்கட்டியவர்களை நான் அறிவேன். நம் ஊருக்கென்று ஒரு சிறப்பும் உண்டு. அதுதான் உப்புக் காற்று. பற்றரி தொடும் உலோகத் தகடு பச்சை பிடித்திருந்தால், புதுப் பற்றரி போட்டும் பயனில்லை. பழைய அல்கலைன் பற்றரி கசிந்தால் வெள்ளைத் தூள் படியும். பற்றரியைக் கழற்றிவிட்டு, பஞ்சிலே ஒரு துளி தேசிக்காய்ப் புளி தொட்டு அந்தத் தூளைத் துடையுங்கள். அது காரம், இது அமிலம், ஒன்றையொன்று அடக்கும். பின்பு ஈரத் துணியாலும், அதன் பின்பு உலர்ந்த துணியாலும் துடைத்து, நன்றாய் உலரவிட்ட பிறகே பற்றரியைப் போடவேண்டும். தூளை வெறுங்கையால் தொடவேண்டாம்.

அடுத்தது, கருவி வேறொருவரிடம் கட்டுப்பட்டிருப்பது. தங்கை பாடத்துக்கென்று ஹெட்செற்றைப் போடுவாள். அது விழித்தவுடன், உள்ளறையிலே சார்ஜில் கிடக்கும் அம்மாவின் கைத்தொலைபேசி அதைத் தாவிப் பிடித்துக்கொள்ளும். இங்கே கணினி தேடித் தேடிக் காணாமல் நிற்கும். இது பழுதே அன்று. அந்தத் தொலைபேசியிற் புளூடூத்தை அணைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு நாள் வகுப்பு ஆசிரியரின் குரல் கேட்க வேண்டிய காதிலே, கொழும்பிலிருந்து பெரியம்மா அம்மாவை விசாரித்த குரல் கேட்டதென்றால் நம்புவீர்களா?

சோடி சேர்க்கும் முறையைச் சற்று விளக்கவேண்டும். முதல் முறை சந்திக்கும்போது கருவியும் கணினியும் தமக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை உண்டாக்கி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதைக் காட்டியே உறவு கொண்டாடுகின்றன. கணினியை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டால் கணினியிடமிருந்த திறவுகோல் போய்விடும். கருவியோ பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு வழி, இரண்டு பக்கத்திலும் பழைய உறவை மறக்கச் செய்து புதிதாகச் சோடி சேர்ப்பது. கணினியிலே அமைப்புகளுக்குள் புளூடூத் பக்கத்திற் போய், அந்தக் கருவியின் பெயரை நீக்குங்கள். கருவியைச் சோடி சேரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வெறுமனே இயக்கினாற் போதாது. பெரும்பாலான ஹெட்செற்றுகளில் ஆளியைச் சில செக்கன்கள் அமத்திப் பிடிக்க, விளக்கு வேகமாக மினுங்கத் தொடங்கும். அப்போதுதான் அது புதியவரோடு பேசும். இந்த வேறுபாடு தெரியாதபடியால்தான் "கொம்பியூட்டரிலே பெயரே வருதில்லை" என்று பலர் சலித்துப்போகிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயரில்லா மவுஸ் எல்லாம் புளூடூத் அல்ல. பல மவுசுகள் தமக்கென்று ஒரு குட்டி வாங்கியோடு வருகின்றன. பெட்டியிலோ மவுசின் வயிற்றுக்குள்ளோ அது இருக்கும். அத்தகைய மவுசைப் புளூடூத் பட்டியலில் ஆயுள் முழுவதும் தேடினாலும் காணமாட்டீர்கள். அந்த வாங்கியைத் தொலைத்தால் மவுசையும் தொலைத்ததற்குச் சமம். பெரும்பாலும் வேறொன்று அதற்குப் பொருந்தாது.

ஹெட்செற் சேர்ந்தும் சத்தம் பழைய தொலைபேசி போலத் தகரமாய்க் கேட்டால் அதுவும் பழுதல்ல. சாதாரணப் புளூடூத்திலே பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. ஹெட்செற்றின் ஒலிவாங்கியைத் திறந்தவுடன் அது பேச்சு வழிக்கு மாறி, சத்தத்தின் தரம் குறையும். கணினிக்கு வேறு ஒலிவாங்கி இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். காதுக்குப் பாட்டு வழி மீளும்.

இனிக் கணினி. எல்லாரும் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தோம்" என்பார்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. விண்டோஸ் 10இலும் 11இலும் விரைவாகத் தொடங்குவதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும்போது, நாம் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி தன் உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழும்புகிறது. நேற்றைய குழப்பமும் அதோடு எழும்பும். 'ரீஸ்டாட்' கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஆகவே அணைப்பதை விட ரீஸ்டாட் கொடுப்பதே சரியான மருந்து. டொங்கிளையும் கழற்றிச் சற்றுப் பொறுத்துச் செருகுங்கள்.

சிறிது நேரம் சும்மா இருந்த பின்பு மவுஸ் செத்துப்போய், தட்டினால் எழும்புகிறதா? மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கணினி புளூடூத்தை உறங்கவிடுகிறதா என்று பாருங்கள். டிவைஸ் மனேஜர் என்னும் பக்கத்திலே புளூடூத் கருவியின் பண்புகளுக்குட் போனால், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்று ஓர் அடையாளம் இடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் இந்தப் பக்கமே இராது, அதற்காகக் கலங்கவேண்டாம். டிரைவர் என்னும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால், விண்டோஸ் தானே தருவதையோ, கணினி செய்த கொம்பனியின் தளத்தில் உள்ளதையோ எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் திருத்தித் தருகிறோம் என்று கூவும் விளம்பரங்களை நம்பினால், இல்லாத நோயெல்லாம் வந்து சேரும். இதிலெல்லாம் கைவைக்க முன்பு வயருள்ள மவுஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் மவுசாலேயே புளூடூத்தை அணைத்துவிட்டு, மீண்டும் போட வழியில்லாமல் நின்றவன் நான். இருந்த மரக்கிளையை வெட்டியவனின் கதைதான்!

கடைசியாக நடுவிலுள்ள வெளி. இந்த அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர், அரைச்சாணுக்குச் சற்றுக் கூட. அதனால் டொங்கிளையோ ஹெட்செற்றையோ ஒரு சாண் நகர்த்தினாற் கூடச் சில வேளை நிலைமை மாறிவிடும். இரும்பு அலுமாரி, தகரத் தட்டி, கணினியின் சொந்த உலோக உடம்பு எல்லாம் இதற்கு மதில்கள். கணினிப் பெட்டியின் பின்பக்கத்திலே சுவரோடு ஒட்டி டொங்கிளைச் செருகிவிட்டு, முன்னால் இருந்து கேட்கவில்லை என்பது நியாயமன்று. காய்ந்த கிடுகு தடுக்காது, மழையில் நனைந்த கிடுகு ஓரளவு தடுக்கும். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். நம் உடம்பின் பெரும்பங்கும் தண்ணீர் அல்லவா? ஆகவே கருவிக்கும் கணினிக்கும் நடுவே நாமே குந்தியிருப்பதும் ஒரு மறைப்பு. றவுட்டர் என்னும் வைபைப் பெட்டியைக் கணினிக்கு மேலேயே ஏற்றி வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அதைச் சற்று எட்டத்தில் வையுங்கள். அதிலும் கணினியிலும் 5 கிகாஹேட்ஸ் வசதி இருந்தால் வைபையை அங்கே மாற்றிவிடுங்கள். சந்தையிலிருந்து பெரிய வியாபாரி வேறு தெருவுக்குப் போனதற்குச் சமம். சின்னவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். சோறு சூடாக்கும் நேரத்தில் மாத்திரம் இணைப்பு அறுந்தால், காரணத்தைக் குசினியிலே தேடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். இரண்டு செய்திகளைச் சொல்லி அமர்கிறேன்.

மதர்போட் போய்விட்டது என்று சொல்லப்பட்ட எங்கள் பழைய கணினியை நமது மன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். இன்று கூட்டத் தொடக்கத்தில் ஒலிபெருக்கியிலே நீங்கள் கேட்ட தேவாரம், அந்தக் கணினியிலிருந்து புளூடூத் வழியாக வந்ததுதான். இடையில் எங்கேயாவது அறுந்ததா? அம்மாவின் காப்பு இன்னும் அடைவிலேதான் இருக்கிறது. வட்டியைத் தவறாமற் கட்டி வருகிறோம். அடுத்த மகாபொலத் தவணையோடு மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

மற்றது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலக அறையில் இருப்பேன். வேலை செய்யாத ஹெட்செற், மவுஸ், கீபோட் எதுவாயினும் கொண்டுவாருங்கள். அவற்றின் வாங்கிகளையும், வழக்கமாகப் பக்கத்திற் செருகி வைக்கும் மற்றப் பொருள்களையும் மறவாமற் கொண்டுவாருங்கள். நீட்டுவயர் இரண்டு என்னிடம் இருக்கிறது. அம்மம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.